கேளாது எழுதிய சட்டம்

உழவர்க்கென ஒரு சட்டம் இயற்றுங்கால் உழவர் சிலரை அழைத்து, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவேனும் செய்வது அரசுகளின் வழக்கம். ஆலைத் தொழிலாளர்க்குச் சட்டம் செய்யுங்கால் தொழிற்சங்கத்தார்க்கு ஓர் இருக்கை இடுவர். ஆசிரியர், மருத்துவர், வணிகர் ஆகியோர்க்கும் அவ்வாறே. உடலை விற்று உயிர்வாழும் நிலைக்கு வந்துற்ற பெண்டிர்க்குச் சட்டம் செய்யும்போது மட்டும் அவர்களைக் கேட்க வேண்டும் என்று பெரும்பாலான அரசுகளுக்குத் தோன்றுவதே இல்லை. படைத்தலைவர் கேட்கப்படுகிறார், காவல்துறைத் தலைவர் கேட்கப்படுகிறார், ஒழுக்கம் பேசும் பெருமக்கள் கேளாமலே வந்து சொல்கின்றனர். யாருக்காகச் சட்டமோ அவள் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்கிறாள்.

இது யாம் கற்பனையாகக் கூறும் குறையன்று. 2022ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இந்திய உச்ச வழக்குமன்றம் பிறப்பித்த ஆணையைப் படித்துப் பாருங்கள். கொல்கத்தாவில் 1999இல் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். கொன்றவன் தன் தண்டனையை எதிர்த்துச் செய்த முறையீட்டை 2011இல் தள்ளிய நடுவர்கள், அத்தோடு கோப்பை மூடாமல், இப்பெண்டிரின் வாழ்வு குறித்துத் தாமாகவே ஒரு பொதுவழக்கைத் தொடர்ந்தனர். குழு ஒன்றும் அமைத்தனர். அக்குழுவில் இத்தொழிலிலுள்ள பெண்டிரின் அமைப்புகளுக்கும் இடம் கொடுத்தனர். குழு பத்துப் பரிந்துரைகளைத் தந்தது. அவற்றுள் நான்கின்மேல் தமக்குத் தயக்கம் உண்டென நடுவண் அரசு கூறிவிட்டது. வளர்ந்த பெண் தன் இசைவோடு இத்தொழிலில் இருந்தால் அவள்மேல் காவல்துறை வழக்குத் தொடுக்கலாகாது என்பது ஒன்று. விடுதிகளில் சோதனை நடக்கும்போது அவளைத் தளையிடலாகாது என்பது மற்றொன்று. தாய் இத்தொழிலில் இருக்கிறாள் என்பதற்காகவே குழந்தையைப் பிரிக்கலாகாது என்பது மூன்றாவது. நான்காவது எது தெரியுமா? இப்பெண்டிரைப் பற்றித் திட்டமிடும்போதும் சட்டத்தைத் திருத்தும்போதும் அவர்களையோ அவர்தம் சார்பாளரையோ கலந்து முடிவெடுக்க வேண்டும் என்னும் பரிந்துரை!

முதல் மூன்றையும் பற்றி வழக்காடலாம். ஆயின், 'இவர்களைக் கேளுங்கள்' என்பதற்கே தயங்கும் அரசை என்னென்பது? ஒரு சொல்லைக் கேட்பதால் கருவூலம் குறையாது, எல்லைக்காவல் தளராது. கேட்டால் விடை சொல்வார்களே என்பதைத் தவிர அஞ்சுதற்கு வேறெதுவும் இல்லை.

இத்தயக்கம் நேற்றுப் பிறந்ததன்று; வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற சொத்து. அதன் வேரைச் சற்றே அகழ்ந்து பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலப் படைவீரர் பலர் மேகநோயால் படுத்தனர். வீரர்களுள் மிகச் சிலர்க்கே மணஞ்செய்துகொள்ள இசைவு இருந்தது. மணத்தைத் தடுத்தவர்கள் பரத்தமையைத் தடுக்கவில்லை. நோயை மட்டும் தடுக்க விரும்பினர். 1864இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1866இலும் 1869இலும் அதை இறுக்கியது. படைநகர்களிலும் துறைமுகங்களிலும் ஐயத்திற்குரிய பெண் எவளையும் காவலர் பிடித்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம்; நோயிருப்பின் அடைப்பு மருத்துவமனையில் திங்கட்கணக்கில் பூட்டி வைக்கலாம். அவளிடம் போன வீரனுக்குச் சோதனையும் இல்லை, பூட்டும் இல்லை. ஏன் இல்லையென 1871இல் அறிக்கையளித்த அரச ஆணையம் விளக்கமும் தந்தது: பெண்ணுக்கு அது வாணிகமாம், ஆணுக்கோ இயற்கை உந்துதலாம், ஆகவே இருவரையும் ஒப்பிடலாகாதாம். அரசு ஆவணத்தில் எழுதி அச்சிட்ட நயன்மை இது.

இந்தியாவுக்கும் அச்சட்டம் 1868இல் வந்தது. அவ்வாண்டின் பதினான்காம் சட்டம் அது. பெண்டிர் தம் பெயரைப் பதிந்துகொண்டு, சீட்டுப் பெற்று, குறித்த நாளில் சோதனைக்கு வர வேண்டும், வாராவிடில் தண்டம். கொல்கத்தா மக்கள் அதைப் 'பதினான்காம் சட்டம்' என்றே பெயரிட்டு அஞ்சினர். பெண்டிர் பலர் நகரை விட்டு ஓடினர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சந்திரநாகூரில் போய்த் தங்கியோரும் உண்டு. ஓடியதே அவர்கள் தந்த கருத்துரை. அதைக் குறித்துக்கொள்ளும் அலுவலர் எவரும் இல்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. 1886 சூன் திங்களில் இந்தியப் படைத்தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. படைப்பிரிவுகளின் கடைவீதிகளில் போதிய எண்ணிக்கையில் பெண்டிர் இருத்தல் வேண்டும், அவர்கள் காண்பதற்கு நன்றாகவும் இருத்தல் வேண்டும், அவர்களுக்கு வீடமைத்தும் தர வேண்டும் என்பது அதன் உட்பொருள். குதிரைக்கும் கோதுமைக்கும் எழுதும் அதே அலுவலகம், அதே தாளில், பெண்ணுக்கும் எழுதியது! அப்போது படைத்தலைவராக இருந்தவர் இராபர்ட்சு. 1888இல் அவ்வறிக்கை இங்கிலாந்தில் வெளியாகியது, நாடு கொதித்தது. சோசபின் பட்லர் அம்மையார் முதலியோர் பல்லாண்டு போராடி 1886இலேயே பிரித்தானியச் சட்டத்தை நீக்கச் செய்திருந்தனர். இந்தியச் சட்டமும் 1888இல் நீங்கியது. ஆயினும் படைப்பாளையங்களில் பழைய முறை வேறு பெயரில் தொடர்ந்தது. அதை மெய்ப்பித்தவர் யார்? அமெரிக்க நாட்டுப் பெண்டிர் இருவர், ஆண்ட்ரூ என்பாரும் புசுநெல் என்பாரும், 1891-92இல் இந்தியப் பாளையங்களுக்கு வந்து, அடைபட்டிருந்த பெண்டிரிடமே நேரில் அமர்ந்து பேசினர். கோப்புகள் மறைத்ததை அப்பெண்டிர் சொன்னார்கள். 1893இல் இலண்டனில் உசாவற்குழு முன் அவ்விருவரும் சான்று கூறினர். முன்னர் மறுத்திருந்த இராபர்ட்சு பின்னர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அலுவலர் அறியாத, அல்லது அறிந்தும் சொல்லாத உண்மையை, கேட்கத் தெரிந்த இருவர் சில திங்களில் அறிந்தனர்.

வெள்ளையன் போனான். சட்டம் எழுதும் முறை போகவில்லை.

1949 திசம்பரில் உலக நாடுகள் மன்றம் மாந்த வாணிகத்தை ஒழிக்க ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 1950 மே திங்களில் இந்தியா அதில் கையொப்பமிட்டது. கையொப்பமிட்டதால் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று, 1956இல் செய்தனர், 1958 மே முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். முன்னது படைக்காக வந்தது. இது உடன்படிக்கைக்காக வந்தது. பரத்தமை என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கம், கூலிக்காகத் தன் உடலைத் தரும் 'பெண்ணின்' செயல் என்பது. கூலி கொடுக்கும் ஆண் அவ்விளக்கத்தில் இல்லை. 1986இல்தான் விளக்கத்தை மாற்றி, சட்டத்தின் பெயரையும் ஒழுக்கக்கேட்டு வணிகத் தடுப்புச் சட்டம் என மாற்றினர்.

இவ்விடத்தில் நம் மொழியையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பரத்தை, விலைமகள், பொதுமகள், வரைவின்மகள் என அவளுக்கு எத்தனை பெயர்கள்! அவனுக்கு? 'பரத்தன்' என்ற சொல் இருந்தது. ஊடற்குறளில் தலைவி தலைவனை அச்சொல்லால்தான் விளிக்கிறாள். திருவள்ளுவர் ஆண்ட அச்சொல் வழக்கொழிந்தது. பரத்தை மட்டும் நிலைத்தாள். அவர் வரைவின் மகளிர் என ஓர் அதிகாரமே வகுத்து அப்பெண்டிரைக் கடிந்தார் என்பது மெய்யே. ஆனால் அவ்வறிவுரையின் முகம் நோக்கியிருப்பது பொருள் கொடுத்துப் போகும் ஆடவனை. அவனைத் திருத்துவதற்கு எழுதிய அதிகாரத்தை, அவளைத் துரத்துவதற்குச் சான்று காட்டுவோர் நம்மிடையே உண்டு.

சட்டத்திற்கு வருவோம். பாலியல் தொழிலைச் செய்தலையே அது குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள யாவும் குற்றம். விடுதி நடத்துவதும், பெண்ணை விலைக்குப் பிடித்துத் தருவதும் குற்றம். இவற்றில் எமக்கு மறுப்பில்லை. சிறுமியைக் கடத்துவோனுக்கு எத்துணைக் கடுந்தண்டனையும் தகும். ஆனால் நான்காம் பிரிவைப் பாருங்கள். அவள் வருவாயில் முழுதுமோ ஓரளவோ வாழும் பதினெட்டு அகவை கடந்த எவரும் ஈராண்டு வரை சிறைக்குரியர். தரகனைப் பிடிக்க வீசிய வலைதான். ஆயின், அவளையே நம்பிக் கிடக்கும் முதிய தாய் அதில் அகப்படுவாள். கல்லூரியில் படிக்கும் மகன் பதினெட்டாம் அகவை நிறைந்த நாளில் அதில் அகப்படுவான். எட்டாம் பிரிவின்படி பொதுவிடத்தில் நின்று அழைத்ததற்கு அவளுக்கு முதன்முறை ஆறு திங்கள் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் மூன்று திங்களுக்கு மேல் இல்லை. இருபதாம் பிரிவின்படி அவளை ஊரை விட்டே அகற்ற நடுவர் ஆணையிடலாம். காப்பில்லம் என்று பெயரிட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். காப்பு என்பதற்கும் சிறை என்பதற்கும் உள்ள வேறுபாடு கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா என்பதில் இருக்கிறது.

இச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1958 மே முதல் நாளிலேயே அலகாபாத்தில் ஓர் இளம்பெண் உயர் வழக்குமன்றப் படியேறினாள். இத்தொழிலில் ஈட்டும் பொருளால் தன் இளைய உடன்பிறந்தாரைக் காத்துவருவதாகவும், எத்தொழிலையும் செய்யலாம் என அரசமைப்புச் சட்டம் தந்த உரிமையை இச்சட்டம் பறிப்பதாகவும் அவள் முறையிட்டாள். அவள்மேல் இன்னும் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்ற கரணியத்தால் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. 1963இல் கான்பூர்ப் பெண்டிர் சிலரின் வழக்கில், ஊரைவிட்டு அகற்றும் இருபதாம் பிரிவு செல்லும் என உச்ச வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது. சட்டம் எழுதுமுன் கேட்கப்படாதவள், எழுதிய பின் தானே வந்து சொன்னாள், அப்போதும் பயனில்லை.

தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்லாமல் போனால் யாம் அயலாரை மட்டும் பழித்தோம் என்றாகும். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் நிர்மலா என்னும் மாணவி, சென்னைக் காப்பில்லத்திலிருந்த பெண்டிரின் குருதியை எடுத்து வேலூர்க்குக் கொண்டு சென்றார். அறுவர் குருதியில் எய்ட்சு நோயின் நுண்மி இருந்தது. இந்தியாவில் அந்நோய் இருக்கிறது என்பதை நாடு முதன்முதல் அறிந்தது அப்படித்தான். மருத்துவ வரலாற்றில் அது பெரும்பணி. அம்மருத்துவர்களை யாம் போற்றுகிறோம். ஆயின், அக்குருதியைத் தந்த பெண்டிர்க்கு அரசு செய்த கைம்மாறு என்ன? நோயுள்ளவர் எனக் கண்ட பெண்டிரை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் அடைத்து வைத்தனர். வழக்குத் தொடுத்து, சென்னை உயர் வழக்குமன்றம் தலையிட்ட பின்னரே, 1990இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். நூறாண்டுகட்கு முன் வெள்ளையன் நடத்திய அடைப்பு மருத்துவமனையை நம் அரசு நம் ஊரில் மீண்டும் திறந்தது என்றால் மிகையாகுமா?

அதே 1990இல் மும்பை விடுதிகளிலிருந்து தமிழ்ப் பெண்டிர் நூற்றுக்கணக்கானோரை மீட்டுத் தனித் தொடர்வண்டியில் சென்னைக்குக் கொண்டுவந்தனர். வண்டிக்கு விடுதலை என்று பெயர். அவர்களுள் கடத்தப்பட்ட இளம்பெண்கள் பலர் இருந்தனர். அவர்கள் மீண்டது நன்றே. ஆனால் வந்தவர்களை முதற்கண் எதிர்கொண்டது குருதிச் சோதனையும் காப்பகக் கதவும். ஏற்றிவந்த அரசிடம் அதற்கப்பால் வாழ்வுத்திட்டம் இல்லை.

இவற்றிற்கு மாறான ஒன்றையும் இந்திய மண்ணிலேயே காட்டலாம். கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் 1992இல் மருத்துவர் சுமரசித் சானா நோய்த்தடுப்புப் பணியைத் தொடங்கினார். அவர் காவலரை அழைத்துச் செல்லவில்லை. அப்பெண்டிரையே பணியாளராக அமர்த்தினார். பேசப் பேச அவர்கள் சொன்னது, நோய் எங்களுக்கு நான்காவது ஐந்தாவது கவலை. முதற்கவலை காவலர் கையூட்டும் அடியாள் அடியும் வட்டிக்கடனும் குழந்தையின் பள்ளியும் என்பதே. 1995இல் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். அதே ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சேமிப்புச் சங்கமும் பதிந்தனர். உறுப்பினர் நல்லொழுக்கம் உடையவராதல் வேண்டும் என்று கூட்டுறவு விதி குறுக்கே நின்றது. விடாது நின்று அதையும் கடந்தனர். வட்டிக்கடைக்காரன் பிடி தளர்ந்த பின், ஆணுறை அணியாதவனை வேண்டாமெனச் சொல்லும் துணிவு அவளுக்கு வந்தது. எந்தத் துறையின் கோப்பில் இந்த வழி எழுதப்பட்டிருந்தது?

அரசின் ஒரு கை ஆணுறையை இலவயமாக வழங்கும். மற்றொரு கை, அதே ஆணுறையைப் பையில் கண்டு, குற்றத்திற்குச் சான்றென வழக்குமன்றத்தில் வைக்கும். இதை நிறுத்த 2022இல் உச்ச வழக்குமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. 2006இலும் இப்படித்தான். சட்டத்தைத் திருத்த ஒரு முன்வரைவு வந்தது. அழைத்தல் குற்றத்தை நீக்குவது அதில் நன்று. ஆனால் வாங்க வருவோனைத் தண்டிக்கும் புதுப்பிரிவும் இருந்தது. இத்தொழிற்பெண்டிர் தில்லித் தெருவில் கூடி எதிர்த்தனர். வருவோன் அஞ்சி ஒளிந்தால் நாங்களும் அவனோடு இருளுக்குள் போக வேண்டும் என்றனர். முன்வரைவு 2009இல் நாடாளுமன்றக் காலத்தோடு மடிந்தது.

வாங்குவோனைத் தண்டிக்கும் வழியை 1999இல் தொடங்கிவைத்த நாடு சுவீடன். நார்வே 2009இலும் பிரான்சு 2016இலும் பின்பற்றின. அவளை விட்டுவிட்டு அவனைப் பிடி என்பது, பரத்தனை மறந்த உலகில், கேட்க இனிமையாகவே இருக்கிறது. அதன் அறவுணர்வை யாம் இகழவில்லை. செருமனி 2002இல் தொழிலாக ஏற்றது. 2017இல் பெண்டிர் தம் பெயரைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. பதிவுச் சீட்டு என்றவுடன் 1868 நினைவுக்கு வருகிறது, அவ்வளவே.

கேட்டுச் செய்த சட்டத்திற்கு எடுத்துக்காட்டு நியூசிலாந்து. அங்கு 1987இலேயே இத்தொழிற்பெண்டிர் தமக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். கேத்தரின் ஈலி என்பார் அதன் முன்னோடி. சட்ட முன்வரைவை உருவாக்குங்கால் அக்கூட்டமைப்பு உடனிருந்தது. 2003 சூன் 25ஆம் நாள் நாடாளுமன்றத்தில் சார்பாக 60 வாக்கு, எதிராக 59, வாக்களியாதவர் ஒருவர். ஒரே ஒரு வாக்கு! முன்னாளில் அத்தொழிலில் இருந்து பின் உறுப்பினரான சார்சினா பேயர் அன்று அவையில் எழுந்து பேசினார். அச்சட்டத்தில் சட்டம் தெரிந்த ஆடவர் எண்ணியிருக்க முடியாத ஒரு பிரிவு உண்டு: பணம் பெற்ற பின்னும், எந்நேரத்திலும், எவனையும், வேண்டாம் எனக் கூறும் உரிமை அவளுக்கு உண்டு. பதினெட்டு அகவைக்குக் கீழ்ப்பட்டோரை ஈடுபடுத்துவது கடுங்குற்றம். இத்தொழிலை ஒழுக்கமென ஏற்பதாகாது என்றும் அச்சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சில ஆண்டுகளில் மறு ஆய்வு செய்ய வேண்டும் எனவும் விதித்தது. ஆய்வுக்குழுவின் பதினொருவருள் மூவரைக் கூட்டமைப்பே முன்மொழிந்தது. 2008இல் அக்குழு, அஞ்சியவாறு தொழிலில் இருப்போர் தொகை பெருகிவிடவில்லை என அறிக்கை தந்தது. 2014இல் வெல்லிங்டன் நகர்ப் பெண் ஒருத்தி, தன்னை இழிவாகப் பேசித் துன்புறுத்திய விடுதி நடத்துநன்மேல் வழக்காடி 25,000 நியூசிலாந்து வெள்ளி இழப்பீடு பெற்றாள்.

குறையற்றதா அது? இல்லை. தற்காலிக இசைவில் வந்த அயல்நாட்டுப் பெண்டிர்க்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவர். ஆகவே அடிபட்டாலும் காவலரிடம் போகார். கேட்கப்பட்டவர்க்குக் காப்புக் கிடைத்தது. கேட்கப்படாதவர் அங்கும் இருளில்தான்.

'பசியால் வந்தவளின் இசைவு இசைவாகுமா? அவளைக் கேட்டு என்ன பயன்?' என அன்பர் சிலர் வினவலாம். நல்ல வினா. வறுமையே இப்படுகுழியை வெட்டியது என்பதில் எமக்கு ஐயமில்லை. எந்தத் தமிழ்ப்பெண்ணும் இத்தொழிலுக்குப் போகாத நாளையே யாம் விரும்புகிறோம். ஆனால் பசியால் கல்லுடைப்பவனின் இசைவும் அத்தகையதே. அதனால் அவனுக்குக் கூலிச்சட்டம் வேண்டாமென யாரும் சொல்வதில்லை. மேலும், கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வர் என எண்ணுவதும் தவறு. ஒருத்தி வெளியேற வழி கேட்பாள். ஒருத்தி காவலரை விலக்கக் கேட்பாள். ஒருத்தி மகளுக்கு விடுதியில் இடம் கேட்பாள். நம் நாட்டிலேயே, கோயிற்பெண்டிராய்ப் பொட்டுக்கட்டும் முறையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் முயன்றபோது (அது வேறு முறை, இத்தொழிலோடு ஒன்றாக்கலாகாது), பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முன்னின்று ஆதரித்தார். அவரவர் வாயால் அவரவர் வாழ்வைப் பேசினர். 1947இல் சட்டம் வருமுன் இருபதாண்டு அவ்வழக்காடல் நடந்தது. அதைப்போல ஒன்றை இப்பெண்டிர்க்கு எந்த மன்றத்திலாவது நடத்தினோமா?

2020இல் பெருந்தொற்றில் ஊரடங்கியபோது இவர்கள் பட்டினி கிடந்தனர். பங்கீட்டு அட்டை இல்லை. அட்டை வாங்க முகவரிச் சான்று இல்லை. முகவரி சொன்னால் வீட்டுக்காரன் வெளியேற்றுவான். சான்று கேளாமல் அரிசி கொடு என்று அவ்வாண்டு செபுதம்பரில் உச்ச வழக்குமன்றம் ஆணையிட்ட பின்பே மாநிலங்கள் அசைந்தன. இந்தியக் குடிமகள் என எழுதித் தர ஓர் அட்டை இல்லாதவளுக்கு ஒழுக்கச் சட்டம் மட்டும் ஆறு பதின்மம் கடந்து நின்றது.

நடுவண் அரசு தயங்கட்டும். தமிழ்நாட்டரசு தயங்க வேண்டியதில்லை. காப்பில்லங்களைக் கணக்கெடுத்து, விருப்பமின்றி வைக்கப்பட்டுள்ள வளர்ந்த பெண்டிரை விடுவிக்க வேண்டும் என்பது மாநிலங்கட்கே இட்ட ஆணை. அக்கணக்கு இல்லம் இல்லமாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். 2022 மே 19ஆம் நாள் ஆணை எளிய தமிழில் எழுதப்பட்டு ஒவ்வொரு காவல்நிலையச் சுவரிலும், பிடித்துவரப்படும் பெண் நிற்கும் இடத்தில் அவள் கண்ணுக்குத் தெரியும்படி, ஒட்டப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவளுக்கு அதைப் படித்துக் காட்டும் கடமை அங்குள்ள பெண் காவலர்க்கு இருத்தல் வேண்டும். இப்பெண்டிர் குறித்து மாநிலத்தில் இனி எக்குழு அமைப்பினும், அதில் அவர்களே தேர்ந்தனுப்பும் மூவர்க்கு இருக்கை வேண்டும். கூட்டம் தமிழில் நடத்தல் வேண்டும். வந்தவர் பெயரை இதழ்களுக்குத் தரலாகாது. அன்றைய கூலி இழப்புக்கு ஈடு தர வேண்டும்.